சிலுவை பேசும் பழைய ஆங்கிலக் கவிதை: 'பேயாம்' வரும் இடமெல்லாம் 'சிலுவை' போடலாமா?

பரளியாறு:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் நடக்கும் ஒரு தவக்கால வாசிப்புக்காக 'த ட்ரீம் ஆஃப் த ரூட்' ('ரூட்' என்றால் சிலுவை) என்ற பழைய ஆங்கிலக் கவிதையைத் தமிழில் கொண்டுவருகிறோம். 156 அடி. காட்டில் நின்ற மரம் ஒன்று வெட்டுப்பட்டு, சிலுவையாகி, தான் சுமந்தவரைப் பற்றித் தானே பேசுகிறது. கேட்க வருகிறவர்களில் சிஎஸ்ஐ, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே எல்லாரும் உண்டு. காதால் கேட்டே புரிய வேண்டும்.

மூலத்தை அகராதி வைத்துப் படிக்கிறோம், பக்கத்தில் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கு. 'பேயாம்' என்ற சொல்லில்தான் முட்டுது. ஒரே சொல்லுக்கு ஒருவர் 'ட்ரீ' என்கிறார், இன்னொருவர் 'க்ராஸ்' என்கிறார். அதே ஆள் பத்து அடி தள்ளி 'ரூட்' என்கிறார். எங்கள் குழுவில் பாதிப்பேர் "எல்லா இடத்திலும் சிலுவைன்னே போட்டுருவோம், ஆளுகளுக்குக் குழப்பம் இருக்காது" என்கிறார்கள்.

அப்படிச் செய்யலாமா? தூக்குமரத்தைக் குறிக்கும் 'யால்கா' என்ற சொல்லுக்குக் 'கழுமரம்' பொருந்துமா? மூலத்தில் அடிதோறும் வரும் முதலெழுத்து ஒலிப்பைத் தமிழ் மோனையில் கொண்டுவர வழி உண்டா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்க.


மருந்துவாழ்மலை:

எல்லா இடத்திலும் சிலுவை போடாதீங்க தம்பி. போட்டால் கவிதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போகும்.

காரணத்தை மூலத்திலேயே பார்க்கலாம். 'ரோட்', அதாவது சிலுவை என்று நேராகப் பொருள்படும் சொல், 44ஆம் அடியில்தான் முதன்முதலில் வருது. அதுவரை கவிஞர் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. 4ஆம் அடியில் 'ட்ரேயோ', மரம். 6ஆம் அடியில் 'பேயாம்': மரங்களிலெல்லாம் ஒளி மிக்கது. அதே அடியில் 'பேயாக்கென்', அடையாளம். 10ஆம் அடியில் 'யால்கா', தூக்குமரம். அதுவும் "இது இழிந்தவனின் தூக்குமரம் அல்ல" என்று மறுப்பாக. 13இல் 'சியெபேயாம்', வெற்றிமரம். 27இல் 'வுடு', கட்டை. பொன் பூசிய, மணி பதித்த, சில நேரம் ரத்தம் ஒழுகுகிற இந்தப் பொருள் என்ன என்று கேட்கிறவன் யோசித்துக்கொண்டே வரணும். 28ஆம் அடியில் அது வாய் திறந்து, காட்டின் ஓரத்தில் தன்னை வெட்டி அடிமரத்திலிருந்து பிரித்ததைச் சொல்லுது. 39இல் இளவீரர் ஆடை களைகிறார், 40இல் ஏறுகிறார், 42இல் தழுவுகிறார், மரம் நடுங்குது. அதற்குப் பிறகுதான் 44: "சிலுவையாய் நான் நிமிர்த்தப்பட்டேன்." மரம் சிலுவையாக மாறுகிற அந்த நொடியில்தான் பெயரும் வருது. 4ஆம் அடியிலேயே 'சிலுவை' என்று போட்டுவிட்டால் 44ஆம் அடிக்கு வேலையே இல்லை.

இது ஆங்கிலேயக் கிறிஸ்தவர்களுக்குப் பழகிய வழிதான். பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பான எக்ஸெட்டர் ஏட்டில் உள்ள விடுகதைகளில் 30ஆவது இதே 'பேயாம்' என்ற சொல்லையே விடையாகக் கொண்டது. பூத்து நிற்கும் சோலை, எரியும் கொள்ளி, கைமாறி கைமாறிப் போகும் மரக்கிண்ணம், மக்கள் தலைவணங்கும் சிலுவை என்று நாலையும் ஒரே சொல் தாங்குது. பிரஸ்ஸல்ஸ் பேராலயத்தில் இருக்கும் ஆங்கிலோ-சாக்சன் சிலுவைப் பேழையில் "ரோட் என்பது என் பெயர்" என்று தொடங்கும் வரி பொறித்திருக்கு. பெயர் சொல்வதே அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி.

இன்னொன்று, தலைப்பு. கையெழுத்துப் படியில் இந்தக் கவிதைக்குத் தலைப்பே கிடையாது. இத்தாலியின் வெர்ச்செல்லியில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டு ஏட்டில், 23 உரைநடைப் பிரசங்கங்களோடு கலந்து வரும் ஆறு கவிதைகளில் இது ஒன்று. 'ரூட்' என்ற சொல் வரும் தலைப்பு பிற்காலப் பதிப்பாசிரியர்கள் வைத்தது. துண்டறிக்கையில் 'சிலுவைக் கனவு' என்று அச்சடித்துவிட்டால் விடுகதை வாசலிலேயே அவிழ்ந்துவிடும். முதல் அடியில் கவிஞரே "கனவுகளில் மேலானதை" சொல்லப்போகிறேன் என்கிறார். அதையே தலைப்பாக வையுங்க.


கோட்டாற்று வாசகி:

அண்ணாச்சி சொன்னது இந்தக் கவிதைக்கு. 'பேயாம்' மற்ற சமயக் கவிதைகளில் எப்படி வருதுன்னு பார்த்தால், ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்பதும் விளங்கும்.

ஜூனியஸ் கையெழுத்துப் படி என்ற பழைய ஆங்கில வேதக் கவிதைத் தொகுப்பில் உள்ள யாத்திராகமக் கவிதையில் இஸ்ரவேலருக்கு முன்னே போகும் நெருப்பையும் மேகத்தையும் "இரண்டு பேயாம்கள்" என்கிறார் கவிஞர். நம்ம பழைய வேதாகமத்தில் அக்கினிஸ்தம்பம், மேகஸ்தம்பம். ஆக, அங்கே 'பேயாம்' என்றால் தூண். அதே படியின் ஆதியாகமக் கவிதையில் ஏதேனில் நிற்கும் இரண்டு மரங்களும் பேயாம்தான், ஒன்று 'உயிரின் பேயாம்', மற்றது 'சாவின் பேயாம்'. தானியேல் கவிதையில் நேபுகாத்நேச்சாரின் கனவில் வளரும் மரமும் அதுவே. மேற்கு சாக்சன் சுவிசேஷத்தில் (பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு), "உன் கண்ணிலிருக்கிற உத்திரம்" என்று நாம் படிக்கும் இடத்திலும் பேயாம். அதே வசனத்தில் கிங் ஜேம்ஸ் பைபிளும் 'பீம்' என்றே வைத்திருக்கு. சூரியக் கதிர் என்ற பொருளும் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. அதனால் 6ஆம் அடியில் "ஒளி சுற்றிய, பேயாம்களில் மிக ஒளிர்வது" என்னும்போது மரமும் கதிரும் தீத்தூணும் ஒன்றாகக் கேட்கும். ஜெர்மன் மொழியில் 'பவும்' இன்றைக்கும் மரம்தான். ஆங்கிலம்தான் நிற்கும் மரத்தை விட்டுவிட்டு உத்தரத்தையும் கதிரையும் மட்டும் வைத்துக்கொண்டது.

'க்ராஸ்' என்ற சொல் லத்தீனிலிருந்து அயர்லாந்து, நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) வழியாகப் பிந்தி வந்து சேர்ந்தது. இந்தக் கவிஞர் கையில் அது இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஊர்ச்சொற்கள்: மரம், கட்டை, கம்பம், தூக்குமரம். அதனால் 'க்ராஸ்' போட்ட மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைக்காதீங்க. மூலத்தை எதிரில் விரித்து, ஒவ்வொரு 'பேயாம்', 'ட்ரேயோ', 'ரோட்', 'யால்கா', 'வுடு'வையும் வெவ்வேறு நிற மையில் வட்டம் போட்டுக்கிடுங்க. அரை மணி நேர வேலைதான். அடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை நிலைநிறுத்துங்க. ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்தால் இந்த ஒழுங்கு கிடைக்காது, ஏன்னா அவர்கள் சொல் திரும்பத் திரும்ப வராமலிருக்க மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள்.

வட்டம் போடும்போது ஒரு பெரிய கண்ணி இருக்கு. 'பேயாம்', 'பேயர்ன்', 'பெயோர்ன்' மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பேயர்ன் என்றால் பிள்ளை, மகன். பெயோர்ன் என்றால் வீரன். ரோமன் எழுத்தில் பேயாமின் கடைசி 'எம்' ஒற்றை எழுத்து, பேயர்னின் கடைசியில் 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்து. பழைய பதிப்பை வருடி, ஓசிஆர் செய்து (படத்தைக் கணினியே எழுத்தாக மாற்றுவது) இணையத்தில் போட்ட படிகளில் இந்த இரண்டு எழுத்தும் ஒட்டி 'எம்' ஆகிவிடுவது வழக்கம். 83ஆம் அடி "கடவுளின் பேயர்ன் என்மேல் பாடுபட்டார்", 97ஆம் அடி "மகிமையின் பேயாம்". பதினாலு அடி இடைவெளிதான். ஒன்றை மற்றதாகப் படித்தால் மகன் இருக்க வேண்டிய இடத்தில் மரம் வந்து நிற்கும், வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், தப்பு கண்ணில் படாது. 42ஆம் அடியில் தழுவுகிறவர் பெயோர்ன், வீரர். 32ஆம் அடியில் மரத்தைத் தோளில் சுமந்துபோகும் ஆட்களும் பெயோர்ன் என்பதன் பன்மையே. வருடிய படியை நம்பாமல், அச்சுப் பதிப்பு ஒன்றோடு இந்த நாலு அடியையாவது ஒப்பிடுங்க.


வேளிமலை:

தமிழ்ப் பக்கம் நான் சொல்லுகேன்.

'பேயாம்'க்கு 'மரம்' என்பதைவிடப் பொருத்தமான சொல் வேறெந்த மொழியிலும் கிடைக்குமா தெரியலை. காட்டில் நிற்பதும் மரம், அறுத்து அடுக்கினதும் மரம். நட்டு நிறுத்தினால் கொடிமரம், கப்பலில் ஏறினால் பாய்மரம், கடலில் மிதந்தால் கட்டுமரம், கயிறு மாட்டினால் தூக்குமரம். பழைய ஆங்கிலச் சொல் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் நம்ம மரமும் போகுது. 'விருட்சம்' வேண்டாம். வேதாகமத்தில் ஜீவவிருட்சம் என்று கேட்ட பழக்கத்தில் கை அதற்குத்தான் போகும், ஆனால் விருட்சம் உயிரோடு நிற்பது மட்டுந்தான், அதை அறுத்து உத்தரம் போட முடியாது. அதற்கு நேர் எதிர் 'தடி'. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் வெட்டின மரத்துக்குத் தடின்னுதான் பேரு. அது 27ஆம் அடியின் 'வுடு'வுக்கு நல்லாப் பொருந்தும். வெளியூர்க்காரர் இருந்தால் கம்பு என்று நினைத்துவிடுவார். மார்த்தாண்டம் கூட்டத்துக்கு மட்டும் என்றால் தைரியமா வையுங்க.

'சியெபேயாம்' வெற்றிமரம். நம்மூர்க் கோயில், சர்ச் எல்லாத்திலும் திருவிழா கொடிமரத்தில்தான் தொடங்குது. 'வெற்றிக் கொடிமரம்' என்று சொல்ல ஆசை வரும். கொடி என்ற சொல்லை மூலத்தில் கவிஞர் சொல்லாததால் நான் 'வெற்றிமரம்' என்பதோடு நிறுத்துவேன்.

கழுமரம் கூடாது. கழுவேற்றம் என்றால் கூர்முனையில் ஏற்றுவது, கேட்கிறவர் மனசில் சமணர் கழுவேற்றப் படம் எழும்பிவிடும். 'தூக்குமரம்' வையுங்க. கயிறு ஞாபகம் வரும் என்று ஒரு குறை சொல்லலாம். ஆனால் பழைய வேதாகமத்தில் கலாத்தியர் 3:13 "மரத்திலே தூக்கப்பட்ட எவனும் சபிக்கப்பட்டவன்" என்றும், அப்போஸ்தலர் 5:30 "மரத்திலே தூக்கிக் கொலைசெய்த" என்றும் இருக்கு. சபை ஆட்கள் காதில் அந்த வசனம் உடனே ஒலிக்கும். பழைய கோத்திக் பைபிளில்கூடச் சிலுவைக்கு 'கல்கா' என்ற தூக்குமரச் சொல்தான். அந்த அவமானத்தைக் கவிஞர் வேண்டுமென்றே வைக்கிறார். 87ஆம் அடியில் சிலுவை தானே, ஒரு காலத்தில் நான் தண்டனைகளில் கொடியது, மக்கள் வெறுத்தது என்கிறதே.

'ரோட்'க்கு 'சிலுவை'யா 'குருசு'வா என்று யாரும் கேட்கலை, ஆனாலும் சொல்லிடுகேன். குருசடி, குருசு என்று கத்தோலிக்கக் கரையோரத்தில் வாயில் வரும். எல்லாச் சபைக்கும் பொது 'சிலுவை'தான்.

இனி மோனை. மூலத்தில் ஒவ்வொரு அடியும் இரண்டு பாதி. நடுவில் ஒரு நிறுத்தம். பாதிக்கு இரண்டு அழுத்தம். முதல் பாதியில் ஒன்றோ இரண்டோ, இரண்டாம் பாதியின் முதல் அழுத்தத்தோடு ஒலி சேரணும். இதை நாற்சீர் அடியாக வைத்து, ஒன்றாம் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை கட்டினால் (நாம் பொழிப்பு மோனை என்பது) ஏறக்குறைய அதே நடை. இதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி: ம, வ இரண்டும் மோனை இனம். கொஞ்சம் தளர்வாக எடுத்தால், மரம் என்று வைத்தால் வானம், வெளிச்சம், வெற்றி, வீரர், வேந்தர், மகிமை, மன்னர் எல்லாம் மோனைக்கு வந்து நிற்கும். ச, த இனம் என்பதால் சிலுவை வரும் அடியில் தாங்கு, தூக்கு, துணி, சாய், தழுவு. எல்லா இடத்திலும் சிலுவை போட்டால் 6, 13, 97ஆம் அடிகளில் வெற்றியும் வெளிச்சமும் மகிமையும் மோனைக்கு ஒத்துவராது. பொருளால் சரியானது ஓசையாலும் சரியாயிருக்கு.

39 முதல் 43 வரையும் 46 முதல் 49 வரையும் அடிகள் நீளம் கூடியவை, அழுத்தமும் கூடுதல். பாடு நடக்கும் இடம் அது. அங்கே அறுசீருக்கு மாறுங்க. நாற்சீரில் அமுக்கினால் சொல் உதிர்ந்துபோகும், முதலில் உதிர்வது 'பலர் காண', 'துணிவோடு' மாதிரிச் சொற்கள். அவைதான் கிறிஸ்துவை வீரராகக் காட்டுபவை.


பரளியாறு:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நிற வட்டம் போட்டுப் பார்த்து இப்படித் திருத்தியிருக்கோம்:

விந்தை மரமொன்று விண்ணேறக் கண்டேன்,
வெளிச்சம் உடுத்தது, மரங்களில் மிகவொளிர்வது.

நடுவில்:

சிலுவையாய் நிமிர்த்தப்பட்டேன், சக்கரவர்த்தியைத் தாங்கினேன்,
வானகத்து வேந்தரை, சாய்ந்திடத் துணியவில்லை.
கரிய ஆணிகள் பாய்ந்தன, காயங்கள் இன்றும் காணலாம்.
நம் இருவரையும் சேர்த்தே நகைத்தார்கள் அவர்கள்.

பிற்பகுதியில் 97, 114, 122ஆம் அடிகளில் திரும்ப 'பேயாம்' வருது. அதற்குள் எல்லாருக்கும் சிலுவைன்னு தெரிஞ்சுபோச்சு. அங்கேயும் 'மரம்'தானா? 122இல் கனவு கண்டவர் அதை நோக்கி மன்றாடுகிறார். "மரத்தை வணங்கினேன்" என்று வாசித்தால் சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே ஆட்கள் முகம் சுளிப்பாங்களோன்னு பயமா இருக்கு.


மருந்துவாழ்மலை:

முதல் இரண்டு அடியும் அருமை. 44, 45உம் நன்றாக வந்திருக்கு, "சாய்ந்திடத் துணியவில்லை"யை மாற்றவே செய்யாதீங்க. விழுந்து எதிரிகளை நசுக்க அந்த மரத்தால் முடியும், ஆண்டவர் சொல்லை மீறக் கூடாதென்று நிமிர்ந்து நிற்குது. கவிதையின் முதுகெலும்பே அந்தச் சொல்.

'நம் இருவரையும்' என்பதைக் கட்டாயம் மாற்றணும். மரம் கனவு காண்கிறவரிடம் பேசுது. 'நம்' என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுவார், மரத்தையும் கனவு காண்கிறவரையும் கேலி செய்த மாதிரி ஆயிடும். மரமும் கிறிஸ்துவும் மட்டும்தான் அந்த இருவர். மூலத்தில் 'உங்க்' என்ற இருமைச் சொல், சரியாக இரண்டு பேரைக் குறிப்பது. ஸ்காட்லாந்தில் ரத்வெல் ஊரில் நிற்கும் கற்சிலுவையில் இந்தக் கவிதையின் சில அடிகள் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் வெட்டியிருக்கு, அதிலும் இந்த இருமைச் சொல் உண்டு. "எங்கள் இருவரையும் ஏளனம் செய்தார்கள்" என்று வையுங்க. எ, இ, ஏ மூன்றும் மோனை இனம்தான், வேளிமலை அண்ணன் ஒத்துக்கொள்வார்.

97இல் 'மரம்'தான்: "மகிமையின் மரம்." 44இல் பெயர் சொன்ன பிறகும் கவிஞர் பேயாமுக்குத் திரும்பிப் போகிறார். வெட்டுப்பட்ட அதே மரம் மகிமை அடைந்தது என்பதுதான் செய்தி. 90, 91ஆம் அடிகளில் காட்டு மரங்கள் எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னை உயர்த்தினார் என்று அது சொல்லுது, பெண்களுக்கெல்லாம் மேலாக மரியாளை உயர்த்தியது போல. சிலுவை என்று மாற்றினால் இந்த ஒப்புமை நிற்காது.


கோட்டாற்று வாசகி:

122க்கு நான் அண்ணாச்சியோடு முழுசா ஒத்துப்போறேன்னு சொல்ல முடியாது, ஆனால் வழி இருக்கு. மூலத்தில் 'வணங்கினேன்' இல்லை. 'அதை நோக்கி மன்றாடினேன்' என்ற அளவுதான். "அந்த மரத்தண்டை மன்றாடினேன், மகிழ்ந்த மனத்தோடு" என்றால் பொருளும் கெடாது, யாருக்கும் உறுத்தாது, மோனையும் நிற்கும். கத்தோலிக்கருக்கு இது புதுசே இல்லை. புனித வெள்ளி வழிபாட்டில் "திருச்சிலுவை மரம்" என்றே கேட்டுப் பழகினவர்கள், அதன் லத்தீன் மூலத்திலும் 'லிக்னும்', அதாவது மரம். அந்தத் தொடரை 122இல் மட்டும் எடுத்து "சிலுவை மரத்தண்டை" என்றும் வைக்கலாம். அண்ணாச்சி வேண்டாம் என்பார். கூட்டத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்க. 114இல் "முன்பு அவர் மரத்தில் பட்டது போல" என்று எளிமையா விட்டுருங்க.


வேளிமலை:

'எங்கள்... ஏளனம்' சரிதான். 46ஆம் அடி ஆறு சீருக்கு வந்துட்டது, ஆனாலும் "கரிய ஆணிகள் என்னைக் குத்தித் துளைத்தன, காயங்கள் இன்றும் என்மேல் காணலாம்" என்ற அளவுக்கு நீட்டுங்க. மூலத்தில் 'என்னை', 'என்மேல்' இரண்டும் இருக்கு. ஆணி பாய்ந்தது மரத்துக்கும்தான்.

39இலிருந்து 'ஏறினார்', 'தழுவினார்' என்று மரியாதை விகுதியே வையுங்க. 'வீரன் ஏறினான்' செய்யுளுக்கு வழக்கம்தான், ஆனால் சபையில் உரக்க வாசிக்கும்போது கேட்காது.

அச்சடிக்கும்போது 43ஆம் அடியோடு பக்கம் முடியாமல் பார்த்துக்கிடுங்க. வாசிக்கிறவர் அங்கே தாளைப் புரட்டினால் 44ஆம் அடியின் 'சிலுவை' அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். 38இலிருந்து 49 வரை ஒரே பக்கத்தில் வரட்டும்.